விலங்குவழி ஆங்கிலம் – 7: குதிரையின் வாய்

ஆங்கிலத்தில் குதிரையை வைத்துப் பிறந்த தொடர்களை வரிசையாகத் தொகுத்து, எதிரே பொருளும் எழுதித் தரும் புத்தகங்கள் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் தொடர் இருக்கும், பொருள் இருக்கும், குதிரைதான் இருக்காது. படித்த பிள்ளைக்கு மறுவாரமே மறந்துவிடுவதற்குக் காரணம் அதுதான். சந்தையும் லாயமும் பந்தயத் திடலும் கொஞ்சம் தெரிந்தால் பாதித் தொடர்கள் தாமாகவே விளங்கும்.

சந்தையில் குதிரை வாங்க வந்தவர் முதலில் அதன் வாயைத் திறந்து பார்ப்பார். சுமார் 5 வயதுக்குள் பால் பற்கள் விழுந்து நிலையான முன்பற்கள் எல்லாம் வந்துவிடும். புதுப் பல்லின் மேற்பரப்பில் ஒரு குழி இருக்கும். தீனி மெல்ல மெல்ல அது தேய்ந்து, கீழ் வரிசையில் 8 வயதுவாக்கில் மறையும். 10 வயதையொட்டி மேல் வரிசையின் ஓரப் பல்லில், ஈறை ஒட்டி ஒரு கோடு தோன்றும். 15 வயதில் பாதிப் பல் வரையிலும், 20 வயதில் பல் முழுவதும் இறங்கியிருக்கும். வயது ஏற ஏறப் பற்கள் முன்பக்கமாகச் சாய்ந்து நீண்டு தெரியும். விற்கிறவர் எத்தனை வயது சொன்னாலும் பல் சொல்வதுதான் வயது.

இது தெரிந்த பிறகு, வயதாகிவிட்டவரை ஏன் 'லாங் இன் தி டூத்' என்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. இலவசமாக வந்த குதிரையின் வாயைப் பார்க்காதே என்ற 'கிஃப்ட் ஹார்ஸ்' பழமொழியும் அப்படியே. இது மிகப் பழையது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜெரோம் லத்தீனில் எழுதும்போதே, எல்லாரும் சொல்லும் பழமொழி என்றுதான் இதைக் குறிப்பிடுகிறார். ஆங்கிலத்தில் ஜான் ஹேவுட் 1546இல் வெளியிட்ட பழமொழி நூலில் இருக்கிறது. நம் ஊரில், தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள். இங்கே உழவன் வீட்டுச் சொத்து மாடு. ஆகவே பல்லும் மாட்டின் பல்.

பந்தயத் திடலிலும் வாய்தான் முக்கியம், வேறு விதமாக. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்ற துப்புக்கு அங்கே பணமதிப்பு உண்டு. ஜாக்கி சொன்னது, லாயக்காரர் சொன்னது என்று ஆளுக்கொரு துப்பு சுற்றும். அவர்களையும் தாண்டி, குதிரையே வாய் திறந்து சொன்னது என்றால் மறுபேச்சு ஏது? 'ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் தி ஹார்ஸஸ் மவுத்' என்பது இப்படி வந்தது. சம்பந்தப்பட்டவரிடமே கேட்டறிந்த செய்தி என்பது அதன் பொருள்.

'டார்க் ஹார்ஸ்' என்பதை நம் விளையாட்டுச் செய்திகளில் கறுப்புக் குதிரை என்று எழுதிவிடுகிறார்கள். நிறத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அதன் வேகம் பற்றி யாருக்கும் விவரம் தெரியாது, அவ்வளவுதான். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான டிஸ்ரேலி 1831இல் எழுதிய நாவலில், யாரும் பொருட்படுத்தாத ஒரு குதிரை பந்தயத்தை வெல்கிறது. அச்சில் இந்தத் தொடருக்குக் காட்டப்படும் பழைய சான்று அது. அரசியலில் இதற்கு உருவம் கொடுத்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் போல்க். 1844இல் பால்டிமோரில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் மார்ட்டின் வான் ப்யூரனுக்குப் பாதிக்கு மேல் வாக்கு கிடைத்தும், வேட்பாளராவதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. சுற்றுக்குமேல் சுற்றாக இழுபறி நீண்டது. முதல் சுற்றுகளில் பேச்சிலேயே இல்லாத போல்க் 9ஆவது சுற்றில் வேட்பாளரானார். அந்த ஆண்டே தேர்தலில் வென்று குடியரசுத் தலைவராகவும் ஆனார்.

எனக்கு மிகவும் பிடித்தது கப்பலில் ஏறிய குதிரை. அந்தக் காலத்தில் மாலுமிகளுக்கு ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுப்பார்கள். அது கரையிலேயே கடனுக்குப் போய்விடும். முதல் மாத உழைப்பு முழுவதும் கையில் இல்லாத பணத்துக்கு. அதைச் செத்த குதிரைக்கு உழைப்பது என்றார்கள். மாதம் முடிந்த நாளில் வைக்கோலும் கித்தானும் கொண்டு ஒரு குதிரை செய்து, பாட்டோடு இழுத்துச் சென்று கடலில் தள்ளுவார்கள். முன்பணத்தில் சிக்கிய உழைப்பாளியின் வலியை இதைவிட நன்றாகச் சொன்ன தொடரை நான் அறியேன்.

முன்னொட்டாக வரும்போது குதிரை என்றால் பெரியது, முரட்டுத்தனமானது என்று கொள்ளலாம். ஹார்ஸ் ராடிஷ் என்ற காரக் கிழங்கை யாரும் குதிரைக்குப் போடுவதில்லை. நாம் ஆனைநெருஞ்சி, ஆனைக்கொய்யா என்று சொல்லும் முறைதான் அது. ஆனால் கொள்ளுக்கு ஆங்கிலேயர் வைத்த ஹார்ஸ் கிராம் என்ற பெயரில் நிஜக் குதிரையே இருக்கிறது. தீவனமாகப் போட்டுப் பார்த்து வைத்த பெயர்.

மாட்டுச் சந்தையில் இன்றும் ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்றுதான் வயது பேசப்படுகிறது. அந்தச் சந்தைப் பேச்சிலிருந்து உங்கள் ஊர் வழக்கில் ஏறிய தொடர்கள் இருந்தால் ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் ஆங்கிலத்தின் காளையைப் பார்க்கும்போது அவற்றையும் சேர்த்துக்கொள்வோம்.