மெய்நிகர் கணினிகளில் நேர ஒத்திசைவும் கட்டுப்பாடும்

கடிகாரக் குறுக்கீடுகளை எண்ணி நேரத்தைக் கணிக்கும் இயங்குதளம், மெய்நிகர் கணினியில் பிழைபட வாய்ப்புண்டு. அங்குச் செயலி பிற மெய்நிகர் கணினிகளுடன் பகிரப்படுவதால் குறுக்கீடுகள் தாமதமாகச் சேர்கின்றன, கடிகாரம் பின்தங்குகிறது. இடைநிறுத்தப்பட்டு மீளும் கணினி, நிறுத்தப்பட்ட கணத்திலிருந்தே நேரத்தைத் தொடரவும் கூடும். இதன் விளைவு சிறிதன்று. கெர்பரோஸ் அடையாள உறுதிப்பாட்டு முறை, இயல்பமைப்பில் 5 நிமிடத்திற்கு மேற்பட்ட நேர வேறுபாடுள்ள கணினியின் கோரிக்கையை ஏற்பதில்லை.

இதனைச் சீர்செய்ய இரு வழிகள் உள்ளன. ஒன்று, விஎம்வேர் டூல்ஸ் போன்ற மென்பொருளின்வழிப் புரவலர் கணினியின் நேரத்தைப் பெறுதல்; மற்றொன்று, என்.டி.பி. நெறிமுறையின்வழி வலையமைப்பிலுள்ள நேர வழங்கியைப் பின்பற்றுதல். என்.டி.பி.டி. நிரல் 128 மில்லிநொடிக்கு உட்பட்ட வேறுபாட்டைக் கடிகார வேகத்தை மாற்றிப் படிப்படியாகக் களைகிறது. இடையே புரவலர்வழித் திருத்தம் புகுந்து நேரத்தைத் தாவச் செய்தால் அக்கணிப்பு குலையும். எனவே, ஒரு மெய்நிகர் கணினிக்கு ஒரு வழியே பொருந்தும்.

என்.டி.பி.யைத் தெரிவுசெய்யின், விஎம்வேரில் காலமுறை ஒத்திசைவை நிறுத்துதல் மட்டும் போதாது. இடைநிறுத்தத்திலிருந்து மீளும்போதும், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போதும், வேறு புரவலருக்கு இடம்பெயரும்போதும் ஒத்திசைவு நிகழும். அவற்றைத் தனித்தனி அமைப்புகளால் முடக்குதல் வேண்டும். எனினும், இயங்கிக்கொண்டிருக்கையில் வேறுபாடு 1000 நொடியைத் தாண்டினால் என்.டி.பி.டி. இயல்பமைப்பில் தானே நின்றுவிடும். ஆகவே, நெடுநேரம் நிறுத்தப்பட்ட கணினியை மீட்கும்போது அதன் நேரத்தைச் சரிபார்த்தல் நிர்வாகியின் கடமையாகிறது.