3.42-க்குப் பதில் 4.74: மடிக்கணினி எரியுமா?

நான்காம் படிவ மாணவன் ஒருவன் இரண்டு அடாப்டர்களை என் மேசைமேல் வைத்தான். ஒன்று வயர் அறுந்த பழையது. மற்றது, லோயாட் பிளாசாவில் அவனுடைய அப்பா வாங்கி வந்தது.

“சார், பழசுல 3.42 ஆம்பியர்னு போட்டிருக்கு, புதுசுல 4.74. செருகினா மடிக்கணினி எரிஞ்சிடும்னு அண்ணன் சொல்றாரு.”

எரியாது. ஆனால் அந்தப் பயம் பலருக்கும் இருக்கிறது. அதனால் இருவரும் லேபிள்களைப் படித்தோம். ‘அவுட்புட்’ என்ற வரியில் இரண்டிலும் 19 வோல்ட். ஆம்பியரோடு பெருக்கினால் பழையது 65 வாட், புதியது 90 வாட்.

வோல்ட் என்பது அடாப்டர் கொடுக்கும் மின்னழுத்தம். நீங்கள் பள்ளியில் ‘வோல்தான்’ என்று படிப்பது. ஆம்பியர், அதாவது ‘ஆருஸ்’, வேறு கதை. லேபிளில் உள்ள ஆம்பியர், அடாப்டரால் அதிகபட்சம் எவ்வளவு மின்னோட்டம் தர முடியும் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வது மடிக்கணினி.

நம் வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட், 13 ஆம்பியர் சாக்கெட். அதில் 2,000 வாட் கெட்டிலைச் செருகினால் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் ஓடும். அதே சாக்கெட்டில் கைப்பேசி சார்ஜரைச் செருகினால் அரை ஆம்பியர்கூட ஓடாது. 13 ஆம்பியரும் பாய்ந்து சார்ஜர் வெடிக்கிறதா என்ன?

ஆம்பியர் குறைந்தால்தான் தொல்லை. 65 வாட் கேட்கும் மடிக்கணினிக்கு 45 வாட் அடாப்டரை மாட்டினால், அடாப்டர் சூடேறும், தானே நின்றுவிடலாம், அல்லது பேட்டரி மெதுவாக ஏறும்.

வோல்ட் விஷயத்தில் விளையாடக் கூடாது. பல மடிக்கணினிகளின் 19 வோல்ட் முனை, 12 வோல்ட் வைஃபை ரௌட்டரின் துளைக்குள்ளும் நுழைந்துவிடும். வெளி விட்டம் இரண்டிலும் 5.5 மில்லிமீட்டர்தான். மாற்றிச் செருகினால் ரௌட்டர் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். ஆகவே, முனை பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

லேபிளில் ஒரு சின்ன வட்டமும் அதன் இருபுறம் கூட்டல், கழித்தல் குறிகளும் இருக்கும். முனையின் நடுப்பகுதி நேர்மின் முனையா எதிர்மின் முனையா என்பதை அது காட்டும். பழையதில் உள்ளதுபோலவே புதியதிலும் இருக்க வேண்டும். டெல், எச்பி நிறுவனங்களின் பல அடாப்டர்களில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது மின்சாரத்திற்கு அல்ல, அடாப்டரை அடையாளம் காட்டுவதற்கு. அடையாளம் தெரியாவிட்டால் மடிக்கணினி ஓடினாலும் பேட்டரி ஏறாமல் போகலாம்.

யு.எஸ்.பி.-சி முனை உள்ள புதிய மடிக்கணினிகளில் இந்தத் தலைவலி குறைவு. அடாப்டர் முதலில் 5 வோல்ட் மட்டும் தரும். இரண்டும் ‘பேசி’ ஒத்துக்கொண்ட பிறகே வோல்ட் ஏறும். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது வாட். கேபிளையும் பாருங்கள்: 60 வாட்டுக்கு மேல் என்றால் 5 ஆம்பியர் தாங்கும் கேபிள் தேவை.

கடைசியாக, சிரிம் முத்திரை இருக்கிறதா என்று தேடினோம். அடாப்டருக்குள் 230 வோல்ட் பகுதிக்கும் நாம் தொடும் 19 வோல்ட் பகுதிக்கும் இடையே காப்பும் இடைவெளியும் இருக்க வேண்டும். தரமற்ற மலிவு அடாப்டர்களில் அதில்தான் கைவைப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மாணவனின் புதிய அடாப்டரில் முத்திரை இருந்தது, வட்டக் குறியும் ஒத்துப்போனது. என் மேசையிலேயே செருகினான். பேட்டரி விளக்கு எரிந்ததும், அண்ணனுக்குக் காட்டவேண்டும் என்று படம் எடுத்துக்கொண்டான்.