பந்தயக் கார்களைச் சாலையில் கொண்டு செல்லுதல்

பந்தயத்துக்கென மாற்றி அமைத்த காரை வீட்டிலிருந்தோ பட்டறையிலிருந்தோ ஓடுகளத்துக்குப் பொதுச்சாலை வழியே எடுத்துச் செல்வது பற்றியது இக்கட்டுரை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் இதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. வெவ்வேறு பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால்தான் எது கூடும், எது கூடாது என்பது விளங்கும். பெரிய அணிகளிடம் சொந்த லாரியும் விவரம் தெரிந்த ஆட்களும் இருப்பார்கள். சிக்கிக்கொள்பவர்கள், சம்பளப் பணத்தில் மிச்சம் பிடித்து வார இறுதியில் பந்தயம் ஓட்டும் பொழுதுபோக்கு ஓட்டுநர்கள்தான்.

தமிழ்நாட்டு ஓடுகளங்கள்

சென்னை வட்டாரத்தில் கார்ப் பந்தயங்கள் முன்பு சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்தன. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான ஓடுகளத்தைத் திறந்தது. கோவைக்கு அருகில் செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. கோவைக்காரர் ஒருவர் இருங்காட்டுக்கோட்டைக்கு வர ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடக்க வேண்டும். திருப்போரூர்க்காரருக்குச் செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள்கோவில், ஒரகடம் வழியாகச் சிறு பயணம்தான். ஆனால் விதிகள் இருவருக்கும் ஒன்றே.

ஓட்டிச் செல்ல முடியுமா?

பதிவு செய்யாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது 39-ஆம் பிரிவு. பதிவுள்ள காராக இருந்தாலும், பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக அதை மாற்றக் கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. பின் இருக்கைகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் கூண்டு பொருத்தி, சைலன்சரை மாற்றிய கார் இதில் தேறாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

சாலையிலேயே வேகத்தைச் சோதிப்பது இன்னும் பெரிய குற்றம். மாநில அரசின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் நடக்கும் பந்தயத்தில் பங்கேற்றால், முதல் முறை மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 189-ஆம் பிரிவு. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த பார்முலா 4 பந்தயம் அரசே முன்னின்று நடத்தியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இளைஞர்கள் தாமாகவே வைத்துக்கொள்ளும் பந்தயத்தை அதோடு ஒப்பிட முடியாது. ஒழுங்கமைத்த பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தினால் பொறுப்பேற்க மாட்டோம் என்று காப்பீட்டு நிறுவனம் நிபந்தனை போடவும் சட்டம் இடம் தருகிறது.

கயிறு கட்டி இழுத்தல்

1989-ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குமுறை விதிகள், பழுதான வாகனம், முழுதாகப் பூட்டி முடிக்காத வாகனம், பதிவு பெற்ற ட்ரெய்லர், சைடுகார் ஆகியவற்றை மட்டுமே இழுக்க அனுமதித்தன. இழுக்கப்படும் காரில் உரிமம் பெற்ற ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர வேண்டும். இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். இவ்விதிகளின் இடத்துக்கு 2017-இல் புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் வந்தன. நன்றாக ஓடும் பந்தயக் காரைப் பழுதான கார் என்று காட்டி இழுப்பது சட்டத்தை ஏய்ப்பதே.

ட்ரெய்லர்

மேலை நாடுகளில் காரின் பின்னால் ட்ரெய்லரைப் பூட்டிப் பந்தயக் காரை ஏற்றிச் செல்வது வழக்கம். பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல், சாதாரணக் கார் உரிமம் உள்ளவரே தனித் தேர்வின்றி 3,500 கிலோ வரை எடையுள்ள ட்ரெய்லரை இழுக்கலாம். அமெரிக்காவில் 10,001 பவுண்டு எடையைத் தொட்டு மாநில எல்லை தாண்டும் வணிக வாகனங்களுக்குக் கடுமையான பாதுகாப்பு விதிகள் உண்டு. சொந்தப் பொருளை எப்போதாவது ஏற்றிச் செல்பவருக்கு அவற்றிலிருந்து விலக்கு. பந்தயத்தில் பரிசுப் பணம் வென்றாலும், அதைத் தொழிலாகச் செய்யாதவரை அவ்விலக்கு நீடிக்கும்.

நம் நாட்டில் ட்ரெய்லரும் தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு, பின் விளக்குகள், எண் பலகை எல்லாம் வேண்டும். மொத்த எடை 0.75 டன்னுக்குள் இருப்பது டி-1 வகை. அதற்கு மேல் 3.5 டன் வரை டி-2. சிறிய காரே 900 கிலோ அளவில் இருப்பதால், அதை ஏற்றும் ட்ரெய்லர் டி-2 வகையில்தான் வரும். பட்டறையில் பற்றவைத்து வாங்கிய, பதிவில்லாத ட்ரெய்லரைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்புவது பணத்துக்கும் உயிருக்கும் ஆபத்து.

லாரியில் ஏற்றுதல்

எனவே பெரும்பாலோர் தட்டையான தளம் கொண்ட சிறிய லாரியையே நாடுகிறார்கள். ஆட்களைத் தவிர வண்டியில் ஏற்றும் எதுவும் சட்டப்படி ‘சரக்கு’தான். வேற்றுமை உருபு மாறினால் பொருள் மாறுவதுபோல, சக்கரம் தரையில் பட்டால் வாகனமாக இருக்கும் அதே கார், லாரியில் ஏறியதும் நெல் மூட்டைக்குச் சமமாகிவிடுகிறது.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு 66-ஆம் பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையிலான போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. ஆகவே கார் ஓட்டும் உரிமத்துடனேயே சிறிய லாரியை ஓட்டி வரலாம். ஆனால் எடை மிஞ்சினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000 ரூபாய். சரக்கு அனுமதித்த அளவை மீறிப் பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய். காரின் நீளத்தை அளக்காமல் கைக்கு எட்டிய குட்டி லாரியை வாடகைக்குப் பிடிப்பவர்கள் மாட்டுவது இதில்தான்.

விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை உரிமமின்றி 30 லிட்டர் வரையே வைத்திருக்கலாம் என்பது 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம். கேனில் கூடுதல் எரிபொருள் எடுத்துச் செல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உடன் வரும் மெக்கானிக்கை எங்கே உட்கார வைப்பது என்பது பலரும் யோசிக்காத விஷயம். லாரித் தளத்தில், கட்டப்பட்ட காருக்குள்ளேயே பையனைப் படுக்கச் சொல்லிவிட்டு இரவுப் பயணம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறி வருபவருக்கு இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சரக்கின் உரிமையாளருக்கும் அவர் அதிகாரம் அளித்த பிரதிநிதிக்கும் மட்டுமே அந்தப் பாதுகாப்பு உண்டு. அவர்களும் கேபினில் அமர்ந்து வர வேண்டும். தளத்தில் படுத்து வரும் பையனுக்கு ஏதேனும் நேர்ந்தால், இழப்பீட்டுச் சுமை லாரி உரிமையாளரின் தலையில் விழும். அவரிடம் பணம் இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்குக் கையில் எதுவும் வந்து சேராது.