திமிங்கிலத்தின் குருதிக்குழாயும் நம்முடையதும்

திருகோணமலையில் கோணேசர் கோயில் இருக்கும் மலையில் நின்றால், கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில் நீலத் திமிங்கிலம் மூச்சு விடுவதைக் கரையிலிருந்தே காணலாம். ஆழ்கடல் பள்ளத்தாக்கு துறைமுக வாசலை ஒட்டியே கிடப்பதால் அவை இவ்வளவு கிட்ட வருகின்றன. 1980களில் 'டியூலிப்' என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலிலும் அவற்றைப் பின்தொடர்ந்தார்கள்.

அந்த உடம்புக்குள் குருதி ஓடும் விதம்தான் எனக்குப் பெரிய வியப்பு. 2014இல் கனடாவில் கரையொதுங்கிய ஒன்றின் இதயம் ஏறத்தாழ 180 கிலோ. 2019இல் வெளியான கலிபோர்னியா ஆய்வொன்றில், இரைதேடி மூழ்கும்போது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 2 வரை இறங்கியது. மேலே வந்ததும் 37க்கு ஏறியது. இரு துடிப்புகளுக்கிடையே, விரிந்திருந்த பெருநாடி மெல்லச் சுருங்கிக் குருதியைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

ஓட்டம் நின்றால் குழாய்க்கும் கேடு. திமிங்கிலமோ மனிதனோ, குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகக் கலங்கள் படிந்திருக்கின்றன. அவற்றின் மேல் இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. அமுக்கம் சுவரை வெளியே தள்ளி விரிக்கிறது. ஓடும் குருதியோ உராய்ந்து இழுக்கிறது. நம் நாடியில் 120 என்று எழுதும் அமுக்கம் சுமார் 16,000 பாஸ்கல்; உராய்வு இழுவை ஒன்றிரண்டு பாஸ்கல்தான். ஆனாலும் கலம் வாழ்வதும் சாவதும் பெரிதும் இந்தச் சின்ன இழுவையில் தங்கியிருக்கிறது. ஓட்டம் சீராக இருந்தால் கலங்கள், மகாவலிக் கரை நாணல்போல, ஓட்டத்தின் திசைக்கே நீண்டு சாய்கின்றன. நைத்திரிக் ஒக்சைட்டைச் சுரக்கின்றன. குழாயைத் தளர்த்தும் அந்த வாயு, கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்வதையும் தடுக்கிறது. அதன் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

கழுத்து நாடி பிரியும் கவரில் குருதி சுழன்று பின்னோக்கியும் ஓடும். அங்கே கலங்கள் திசை தவறி, விரைவாகச் சாகின்றன. கொழுப்பு உள்ளே புகுகிறது. நாடியடைப்பு பெரும்பாலும் கவர்களில் தொடங்குவது இதனால்தான். உயர் அமுக்கம் சேர்ந்தால் சுவர் அளவுக்கு மீறி இழுபட்டுத் தடிக்கிறது.

திமிங்கிலத்துக்கும் அமுக்கத்தால் ஆபத்து உண்டு. வாலை அடிக்கும் ஒவ்வொரு முறையும் அமுக்க அலை தலைக்கு ஏறுகிறது. நெஞ்சிலும் முதுகெலும்பையொட்டியும் உள்ள நுண்நாடி வலை, அந்த அலையை நாடிக்கும் நாளத்துக்கும் ஒத்த அளவில் பகிர்ந்து மூளையைக் காக்கிறது என்று 2022இல் கனடிய ஆய்வாளர்கள் கணித்துக் காட்டினார்கள்.

நமக்கு அந்த வலை இல்லை. அமுக்கம் கூடினாலும் உடம்பு பெரும்பாலும் அறிகுறி காட்டாது. தலைச்சுற்று இல்லையே என்று பிறஷர் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளினிக் கொப்பியோடு குறித்த திகதிக்குப் போய் அமுக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.