சொன்னபடி செய்யும் இயந்திரமும் சொல்லாமல் வரும் எண்ணும்

திருமழிசை என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது, பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்லும்போது எதிர்ப்படும் சிட்கோ தொழிற்பேட்டையாக இருக்கலாம். ஆனால் வைஷ்ணவ சம்பிரதாயத்தில் ஊறியவர்களுக்கு அது, பக்திசாரர் என்று போற்றப்படும் திருமழிசை ஆழ்வார் அவதரித்த ஸ்தலம். அவருடைய சீடரான கணிகண்ணரைக் காஞ்சியை விட்டு வெளியேறும்படி பல்லவ மன்னன் ஆணையிட்டபோது, சீடரைப் பிரிய மனமில்லாத ஆழ்வாரும் உடன் புறப்பட்டு, திருவெஃகாவில் அரவணையில் பள்ளிகொண்டிருந்த பெருமாளையும் எழுந்து வரச் சொல்ல, பெருமாள் அவ்வாறே எழுந்து சென்றார் என்றும், பின்னர் மன்னன் மனம் வருந்தி வேண்டியபோது ஆழ்வார் சொற்படியே திரும்பி வந்து பள்ளிகொண்டார் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. அதனால் அவருக்குச் சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்றும், யதோக்தகாரி என்றும் திருநாமம்.

பெருமாள் சொன்னபடி செய்தது அடியாரிடம் கொண்ட அன்பினால். நம் காலத்தில் சொன்னபடி மட்டுமே செய்கின்ற வேறொன்று, மனிதன் கையால் ஆக்கப்பட்டு, வீடுதோறும் வந்திருக்கிறது. கணினிக்கு அன்பும் இல்லை, மறுப்பும் இல்லை. இட்ட கட்டளையை இட்ட வரிசையில் நிறைவேற்றுவதும், ஒரே கட்டளைக்கு ஒரே விடையை எத்தனை முறை கேட்டாலும் மாறாமல் தருவதுமே அதன் சுபாவம். வரவுசெலவுக் கணக்குக்கும் ராக்கெட்டின் பாதையைக் கணிப்பதற்கும் இந்தச் சுபாவம் பெரும் வரம். ரகசியங்களைக் காப்பாற்ற வேண்டிய இடத்திலோ அதுவே பெரும் ஊனமாகிவிடுகிறது.

அந்த இடம் வெகு தூரத்தில் இல்லை. திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியை நடத்துகிறவர், ஜி.எஸ்.டி. கணக்கைச் சமர்ப்பிக்கவோ அரசாங்க டெண்டரில் கலந்துகொள்ளவோ, விரலளவுள்ள ஒரு டோக்கனைக் கணினியில் செருகி, டிஜிட்டல் கையெழுத்தை இடுகிறார். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்தக் கையெழுத்துக்கு மைக்கையெழுத்துக்கு நிகரான அந்தஸ்தை அளித்திருக்கிறது. டோக்கனுக்குள் இருக்கும் ரகசியச் சாவி என்பது அடிப்படையில் இரண்டு மாபெரும் பகா எண்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 இலக்கங்கள் கொண்டது. அவற்றைப் பெருக்கி வரும் எண் ஊரறிய வெளியே கிடக்கும். பெருக்கப்பட்ட எண்கள் இரண்டும் ஒருவருக்கும் தெரியாதவரையில்தான் கையெழுத்து அவருடையதாக இருக்கும். ஆகையால் அவ்வெண்களை எவராலும் ஊகிக்க இயலாதபடி தேர்ந்தெடுக்க வேண்டும்; அதாவது யதேச்சையாக வந்த எண்கள் வேண்டும். கட்டளைக்குக் கட்டுப்பட்டே பழகிய இயந்திரத்திடம் போய், எந்தக் கட்டளையிலிருந்தும் பிறக்காத ஓர் எண்ணைக் கொடு என்று கேட்பது எவ்வளவு விசித்திரமான கோரிக்கை!

யதேச்சை எண்களைத் தேடும் முயற்சி கணினிக்கு முந்தியது. 1927-இல் டிப்பெட் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலார், மக்கள்தொகைக் கணக்கறிக்கைகளிலிருந்து 41,600 இலக்கங்களை எடுத்து ஒரு பட்டியலாக அச்சிட்டார்; 1955-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம், மின்னணுச் சாதனத்தின் உதவியால் பத்து லட்சம் இலக்கங்களைத் தொகுத்து ஒரு புத்தகமாகவே வெளியிட்டது. மாதிரி எடுத்து ஆராய்கிறவர்களுக்கு அவை பேருதவி புரிந்தன. ஆனால் அச்சில் வந்துவிட்ட எண் எவ்வளவுதான் ஒழுங்கற்றதாக இருப்பினும் பூட்டுக்கு உதவாது. அதே புத்தகம் திருடன் கையிலும் இருக்குமல்லவா? சங்கேத மென்பொருளுக்கு வேண்டியது, இந்தக் கணத்தில் பிறந்து, பிறந்த இடத்தைத் தவிர வேறெங்கும் அறியப்படாத எண்.

தன்னால் உண்டாக்க முடியாததைக் கணினி வெளியுலகிலிருந்து சேகரித்துக்கொள்ளத்தான் வேண்டும். 1991-இல் பில் சிம்மர்மன் வெளியிட்ட பி.ஜி.பி. என்ற அஞ்சல் மறைப்பு மென்பொருள், சாவி செய்வதற்குமுன், விசைப்பலகையில் மனம்போனபடி தட்டும்படி உபயோகிப்பவரைக் கேட்டுக்கொண்டது. அது விலைமதித்தது தட்டிய எழுத்துகளைவிட, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைப்பட்ட காலத்தையே. 1994-இல் தியோடர் சோ என்ற நிபுணர் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே இந்தச் சேகரிப்பை ஒரு நிரந்தர ஏற்பாடாக அமைத்தார். விசை அழுந்துவதும், மௌஸ் அசைவதும், வட்டிலிருந்து தகவல் வந்து சேர்வதும் கணினியின் நோக்கில் அதன் வேலைக்கு இடையே குறுக்கிடும் சம்பவங்கள்; அச்சம்பவம் ஒவ்வொன்றும் எந்தக் கணத்தில் நிகழ்ந்தது என்பதை மிக நுண்ணிய காலப் பிரமாணத்தில் குறித்துக்கொண்டால், அந்தக் குறிப்பின் கடைசி இலக்கங்கள் ஒருவராலும் சொல்ல முடியாதவையாக இருக்கும். எந்த எழுத்தைத் தட்டப்போகிறோம் என்பது தட்டுகிறவருக்குத் தெரியும். விநாடியின் நூறு கோடியில் எந்தப் பங்கில் விரல் விசையைத் தொடும் என்பது அவருக்கே தெரியாது. சுழலும் வட்டுக்குள்ளேயும் இத்தகைய அநிச்சயம் உண்டு. உள்ளே அடைபட்ட காற்றின் கொந்தளிப்பால் அதன் வேகம் நுட்பமாக ஏறி இறங்குகிறது என்பதையும், அந்த ஏற்றஇறக்கத்திலிருந்து யதேச்சை எண்களைப் பெறலாம் என்பதையும் அதே 1994-இல் ஆராய்ச்சியாளர் சிலர் எடுத்துக்காட்டினர். இத்தகைய வசதி இல்லாத யூனிக்ஸ் கணினிகளுக்காக, இயந்திரத்தின் அப்போதைய நிலவரத்தைக் கூறும் கட்டளைகள் பலவற்றை ஓடவிட்டு, அவை தரும் புள்ளிவிவரங்களை எல்லாம் ஒன்றாகக் கலக்கும் யுக்தியை பீட்டர் கட்மன் 1998-இல் விரிவாக எழுதினார்.

இப்படி வந்து சேரும் துளிகளில் எந்த ஒன்றும் தனியாகப் போதுமானதன்று. கோயில் உண்டியலில் யார் யாரோ இட்ட காசுகள் ஒன்றோடொன்று கலந்து, எது யாருடையது என்று பிரித்தறிய முடியாதபடி சேர்ந்துவிடுவதுபோல, எல்லாக் காலக் குறிப்புகளும் ஒரு சேமிப்பில் கொட்டப்பட்டு, ஒருவழிக் கலவைக் கணக்கு ஒன்றினால் அடையாளம் தெரியாமல் பிசையப்படுகின்றன. போதிய அளவு சேர்ந்ததும் 256 பிட் கொண்ட ஒரு விதை எடுக்கப்படுகிறது. அந்த விதைக்கு உள்ள சாத்தியங்களின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். அதற்குமேல் வேண்டிய எண்களை எல்லாம் அவ்விதையிலிருந்தே கணித முறையில், லினக்ஸில் இப்போது சாச்சா20 என்ற முறையில், விரித்துக்கொள்ளலாம். விதை மெய்யான அநிச்சயத்திலிருந்து வந்திருந்தால் விரித்ததும் ஊகத்துக்கு அப்பாற்பட்டதாகும்; விதை எளியதாக இருந்துவிட்டாலோ, விரித்த பயிர் எவ்வளவு செழிப்பாகத் தோன்றினாலும் அதற்குக் காவல் இல்லை.

தோன்றினாலும் என்று சொன்னேன். இந்த விஷயத்தில் எனக்கு மிகுந்த கவலையைத் தருவது அந்தத் தோற்றமே. 2006 செப்டம்பரில் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பைப் பராமரித்தவர்கள், ஓபன்எஸ்எஸ்எல் என்ற சங்கேத நூலகத்தில், பிழை தேடும் கருவி ஒன்று ஆட்சேபித்துக்கொண்டே இருந்த வரிகளை நீக்கினார்கள். நீக்கியது நல்லெண்ணத்தால்தான், ஆனால் சேகரித்த அநிச்சயத்தைச் சேமிப்பில் கலக்கும் வரியும் அவற்றோடு போய்விட்டது. விதையில் மிஞ்சியது, ஓடுகின்ற நிரலுக்கு இயங்குதளம் கொடுக்கும் வரிசை எண் மட்டுமே. அதற்குரிய சாத்தியங்கள் 32,768. ஒரே வகைக் கணினியில், ஒரே நீளத்தில், உலகெங்கும் செய்யப்பட்ட சாவிகள் எல்லாம் அந்தச் சிறு கூட்டத்துக்குள் அடங்கிவிட்டன. இரண்டு ஆண்டுக்காலம் வரையில் ஒருவரும் அறியவில்லை. லூசியானோ பெல்லோ என்பவர் கண்டறிய, 2008 மே 13 அன்று எச்சரிக்கை வெளியானது. இவ்வளவு காலம் எப்படி மறைந்திருந்தது என்று கேட்கலாம். அந்தச் சாவிகள் பூட்டின, திறந்தன, கையெழுத்திட்டன. ஒரு சாவியைக் கையில் எடுத்து ஆயிரம் முறை புரட்டிப் பார்த்தாலும் அது 78 இலக்கச் சமுத்திரத்திலிருந்து வந்ததா, 32,768 என்ற குட்டையிலிருந்து வந்ததா என்று தெரியாது. யதேச்சை என்பது விளைந்த எண்ணில் காணக் கிடைக்கும் குணமன்று. அது பிறந்த விதத்தில் இருப்பது.

இந்த உண்மையைத் தமிழ்நாட்டார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து கல்லில் வெட்டி வைத்தார்கள் என்று கூறுவது மிகையன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-ஐ ஒட்டிய ஆண்டில், உத்திரமேரூர் மகாசபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுப்பதற்கு வகுத்துக்கொண்ட விதிகள், அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். பாலர் முதல் முதியோர் வரை சபை கூடியிருக்க வேண்டும். ஊரில் உள்ள கோயில் அர்ச்சகர்களான நம்பிமார் ஒருவரும் விலக்கின்றி உடன் இருக்க, அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்தி நிற்க வேண்டும். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அதை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்துத் தர வேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில் அதை ஏற்று வாசிக்க, அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதையே வாசிக்க வேண்டும். தேர்வாகி வந்த பெயரைப் பார்த்து அது நேர்மையாக வந்ததா என்று சொல்ல முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவேதான் பெயரை விட்டுவிட்டு, குடத்தையும் கையையும் விரல்களையும் காவல் காத்தார்கள். நான் படித்த நிர்வாக விதிகளில் இவ்வளவு கூர்மையானதை அரிதாகவே கண்டிருக்கிறேன்.

கணினிக்குத் திரும்புவோம். விசைப்பலகையும் மௌஸும் சுழல் வட்டும் உள்ள இயந்திரத்துக்கு அநிச்சயத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீட்டு மூலையில் இணைய இணைப்பைத் தருகின்ற ரௌட்டர், ஆலைக்குள் நிறுவப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி, கண்காணிப்புக் காமிரா ஆகியவற்றுக்கு இவை எவையும் இல்லை. மின்சாரம் கொடுத்த முதல் நிமிஷத்திலேயே, வெளியுலகத்தின் ஸ்பரிசம் படாமலே, தங்கள் சாவியை உண்டாக்கிக்கொள்ளும்படி அவற்றுள் பல அமைக்கப்பட்டிருந்தன. ஒரே தொழிற்சாலையில், ஒரே அச்சில் பிறந்த இரண்டு பெட்டிகள் ஒரே விதையுடன் புறப்பட்டால் முதல் பகா எண் இரண்டுக்கும் ஒன்றாகவே அமைந்துவிடும்; அதன்பின் கடிகாரம் ஒரு துடிப்பு முந்தியோ பிந்தியோ நகர்ந்ததனால் இரண்டாம் பகா எண் மட்டும் வேறாகிவிடக்கூடும். முழுச்சாவியும் ஒன்றாகிவிடுவதைவிட இது மோசமானது. உதாரணமாக, 11,413 என்றும் 12,827 என்றும் இரண்டு பொது எண்கள் இருக்கின்றன என்று கொள்வோம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 1,414. அதைக் கொண்டு 11,413-ஐ வகுத்தால் மீதி 101. 101 என்பது 1,414-ஐ மீதியின்றி வகுத்துவிடுகிறது. ஆகவே இரண்டுக்கும் பொதுவான பகா எண் 101. மற்றவை 113-உம் 127-உம் என்பது தானே வெளிப்பட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொது வகுத்தி என்று படித்த கணக்குதான் இது; 600 இலக்க எண்களுக்கும் ஒரு கணத்தில் செய்து முடித்துவிடலாம்.

2012-இல் நாடியா ஹெனிங்கர் முதலிய நால்வர் இணையம் முழுவதையும் துழாவி, கிடைத்த பொது எண்களை எல்லாம் ஒன்றோடொன்று பொருத்தி இந்தக் கணக்கைச் செய்தபோது, பாதுகாப்பான இணைப்பைத் தரும் கணினிகளிலும் சாதனங்களிலும் நூற்றுக்கு அரைப் பங்கின் ரகசியச் சாவிகள் அவர்கள் கைக்கு வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை இத்தகைய சிறு பெட்டிகளே. தயாரிப்பாளர்களுக்குத் தகவல் தரப்பட்டது. 2016-இல் மீண்டும் ஆராய்ந்தபோது, பல நிறுவனங்கள் திருத்தமே வெளியிடவில்லை என்பதும், வெளியான திருத்தங்களையும் உபயோகிப்போர் நிறுவிக்கொண்டதாகத் தெரியவில்லை என்பதும், புதிதாக அதே பிழையுடன் சாதனங்கள் வந்திருக்கின்றன என்பதும் வெளிப்பட்டன.

லினக்ஸைப் பேணுவோர் சும்மா இருக்கவில்லை. 2019-இல், வட்டிலிருந்து கோப்புகளைப் படிப்பதைச் சிக்கனமாக்கிய ஒரு திருத்தத்தினால், குறுக்கிடும் சம்பவங்கள் குறைந்து, போதிய அநிச்சயம் சேராமல், சில கணினிகள் துவக்கத்திலேயே காத்துக்கிடந்து உறைந்துபோயின. இயந்திரம் திறமையடைய அடைய அதன் தற்செயல்கள் வற்றிப்போகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதன்பின், சேமிப்பு வறண்டிருக்கும் வேளையில், பிராசசரின் சொந்த ஓட்டத்தில் ஏற்படும் நுண்ணிய கால வேறுபாடுகளையே திரட்டிக்கொள்ளும் ஏற்பாட்டை லினக்ஸின் கர்த்தாவான லினஸ் டோர்வால்ட்ஸ் சேர்த்தார்.

லினக்ஸின் குடத்தை எவரும் திறந்து பார்க்கலாம். விரலளவு டோக்கன்களின் குடம் மூடியே இருக்கிறது. 2017 அக்டோபரில், செக் நாட்டு மசாரிக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், இத்தகைய டோக்கன்களிலும் அடையாள அட்டைகளிலும் பொருத்தப்பட்ட இன்ஃபினியான் நிறுவனத்தின் சிப்களில் இயங்கிய நூலகம் ஒன்று பகா எண்களை விரைவாகக் கண்டுபிடிப்பதற்காகக் குறிப்பிட்ட வடிவமுள்ள எண்களை மட்டுமே தேர்ந்து வந்ததை வெளியிட்டனர். உயர்ந்த தரச் சான்றிதழ் பெற்ற சிப்கள் அவை. எஸ்தோனியா நாட்டில் மட்டும் ஏழரை லட்சம் அடையாள அட்டைகளின் சான்றுகளை நிறுத்திவைக்க நேர்ந்தது.

இந்த விஷயத்தில் நம் பக்கத்து ஊரிலேயே நடந்த ஒரு முயற்சி எனக்கு மிகுந்த நம்பிக்கையைத் தருகிறது. பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஊர்பசி சின்ஹா தலைமையிலான குழுவினர், தனித்தனி ஒளித்துகள்களை வெவ்வேறு காலங்களில் அளந்து, லெகெட்–கார்க் சமனின்மை எனப்படும் விதி மீறப்படுவதைக் காட்டி, அம்மீறலையே சாட்சியாக வைத்து யதேச்சை பிட்களைப் பெற்றதை 2024-இல் வெளியிட்டார்கள். பழைய பௌதிக விதிகளுக்கு உட்பட்டு, முன்னமே நிச்சயிக்கப்பட்ட எந்த ஏற்பாடும் அந்த விதியை மீற முடியாது; ஆகவே மீறல் தெரியும் வரையில், வந்த எண் முன்கூட்டி எழுதி வைக்கப்பட்டதன்று என்பதற்குப் பிறந்த விதமே அத்தாட்சியாகிறது. 9 லட்சத்துக்கும் அதிகமான பிட்கள், விநாடிக்குச் சுமார் 4,000 வீதம் கிடைத்தன. ஆய்வுக்கூடத்து மேசையை நிறைக்கும் அந்த ஒளியியல் அமைப்பை எவரும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள முடியாதுதான். ஆனால் 256 பிட் விதை ஒன்றை அளிக்க அதற்கு ஒரு விநாடியின் பதினைந்தில் ஒரு பங்கு போதும்.