டைம் அவுட்னு வந்தா பணம் போகலைன்னு அர்த்தமா?

இன்னைக்கு எபிசோடை, நான் பண்ண ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஸ்ரீரங்கத்துல இருக்கிற சித்தி பொண்ணுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். ராத்திரி ஒன்பது மணிக்கு போன். "அண்ணா, பேமென்ட் பக்கம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. இப்ப 504 கேட்வே டைம் அவுட்னு வருது. என்ன பண்ண?" நான் தில்லை நகர்ல உட்கார்ந்துகிட்டு, "ரீலோட் பண்ணி திரும்பக் கட்டு"ன்னேன். மறுநாள் பார்த்தா, 1,850 ரூபாய் ரெண்டு தடவை போயிருக்கு. முதல் தடவையே கட்டணம் சேர்ந்திருக்கு!

டைம் அவுட்னா என்ன? நீங்க சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறீங்க. ஒரு பையன்கிட்ட சீட்டு கொடுத்து ஸ்ரீரங்கத்துக் கடைக்கு அனுப்புறீங்க. ஒரு மணி நேரம் பார்த்துட்டு, பொறுமை போய்க் கிளம்பிடுறீங்க. அவ்வளவுதான். அங்க வேலை முடிஞ்சுதா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது.

இதுல ரெண்டு வகை இருக்கு. 'கனெக்‌ஷன் டைம் அவுட்'னா, பையன் கடைக்கே போய்ச் சேரலை. 2022 கடைசியில பராமரிப்புக்காகக் காவிரிப் பாலத்தை மூடினாங்களே, அந்த மாதிரி. இதுக்கு வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பார்க்கலாம். சில சமயம் வேற வழி கிடைக்கும்.

504 அப்படி இல்லை. பையன் கடைக்குப் போயிட்டான். முன்னாடி இருக்கிறவர் உள்ளே குடோனுக்குச் சொல்லிட்டார். குடோன்ல இருந்து பதில் வரத் தாமதமானதும், அவர் கையை விரிச்சுட்டார். பல தளங்கள்ல வாசல் வேலை பார்க்கிற இன்ஜின்எக்ஸ் மென்பொருள், யாரும் மாத்தலைன்னா 60 விநாடிதான் காத்திருக்கும். ஆனா குடோன்ல வேலை நடந்துகிட்டே இருக்கலாம். உங்க நெட்டை மாத்தி இங்க பிரயோஜனமில்லை. ரீலோட் பண்ணா இன்னொரு சீட்டு போகும். "படிவத்தைத் திரும்ப அனுப்பவா?"ன்னு பிரவுசர் கேட்கிறது அதனாலதான்.

அதனால பணம் கட்டுற பக்கம் நின்னுட்டா, முதல்ல நேரத்தோட ஸ்கிரீன்ஷாட் எடுங்க. வங்கிக் கணக்குல பணம் போச்சான்னு பாருங்க. புது டேப்ல லாகின் பண்ணி, கட்டணம் பதிவாகியிருக்கான்னு பாருங்க. ரெண்டு இடத்துலயும் இல்லைன்னா, கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை பார்த்துட்டு அப்புறம் கட்டுங்க.

யுபிஐல பணம் போயும் அந்தப் பக்கம் உறுதி ஆகலைன்னா, ரிசர்வ் வங்கியோட 2019 விதிப்படி அஞ்சு நாளுக்குள்ள தானா திரும்பி வரணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனா ரெண்டு தடவையும் பணம் ஒழுங்கா சேர்ந்துட்டா இந்த விதி உதவாது. கட்டின இடத்துலதான் போய்க் கேட்கணும்.

தங்கச்சியும் அப்படித்தான் கேட்டா. மூணு மாசம், நாலு மனு. அதுவரைக்கும் அந்த 1,850 ரூபாய் என் கணக்குல! அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.