ஐந்து அரிசி எடை மருந்து

ஊர்க்கோழி ஒன்று கால் மடங்கி விழுந்துவிட்டால் வீட்டில் முதலில் வரும் யோசனை, "சாகிறதுக்கு முதல் கறியாக்கிப்போடு" என்பதுதான். நோய்க்கோழியைச் சட்டியில் ஏற்றுவது நல்லதல்ல. அது போக, நடக்க முடியாத கோழியை உற்றுப் பார்த்ததால்தான் உலகத்துக்கு விற்றமின் என்ற ஒன்று இருப்பதே தெரிய வந்தது.

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வழியில் களப்பும் கடலும் நெருங்கிக் கிடக்கும் ஊர் சாம்பல்தீவு. அங்கே முற்றத்துக் கோழிக்குக் கிடைப்பது மிஞ்சின சோறு, மீன் வெட்டிய கழிவு, தானே கிளறிப் பொறுக்கும் புழு பூச்சி. கோழி நன்றாகக் கிளறும்வரை இதில் ஒரு குறையும் இல்லை. மழைக்கோ நாய்க்கோ பயந்து கூட்டில் அடைத்து, சோறும் மீன்குடலும் மட்டும் போட்டு வளர்த்தால்தான் கதை மாறுகிறது.

கோழி மெலிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, இறகு மறைத்துவிடும். விரலால்தான் பார்க்க வேண்டும். நெஞ்சின் நடுவே நீளமாக ஓடும் எலும்பில்தான் சிறகடிக்கும் பெரிய தசைகள் ஒட்டியிருக்கின்றன. நல்ல தேகமுள்ள பேட்டில் அந்த எலும்பின் விளிம்பு மட்டும் விரலில் தட்டுப்படும். இரண்டு பக்கமும் சதை உருண்டு நிற்கும். இரை இறங்காத கோழி கொழுப்பை எரித்து, பிறகு இந்தத் தசையையும் எரித்துச் சீவிக்கிறது. அப்போது விளிம்பு கூராகத் துருத்த, விரல் இருபக்கமும் பள்ளத்தில் இறங்கும்.

தூக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. நமக்கு மூச்சிழுக்கப் பிரிமென்றகடு இருக்கிறது. கோழிக்கு அது இல்லை. நெஞ்செலும்பையே கீழும் முன்னும் அசைத்து, உடம்புக்குள் இருக்கும் ஒன்பது காற்றுப்பைகளை விரித்துத்தான் அது மூச்சு வாங்குகிறது. அந்த எலும்பை அசையவிடாமல் பிடித்தால், கழுத்தைத் தொடாமலே மூச்சை நிறுத்திவிடலாம்.

தண்ணீர் பருக்குவதிலும் இப்படியொரு நுட்பம் உண்டு. சொண்டைத் திறந்து பாருங்கள். நாக்கின் அடியிலேயே சிறிய பிளவு ஒன்று திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். மனிதத் தொண்டையில் உள்ளதுபோல் அதற்கு மூடி கிடையாது. ஆகவே வாய்க்குள் ஊற்றினால் தண்ணீர் நேரே சுவாசப் பாதைக்குப் போகும். சொண்டின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அது தானே தலையை நிமிர்த்தி விழுங்கும். கோழியின் சாதாரண உடல் வெப்பமே 41 பாகையைத் தாண்டும். சதை வற்றிய கோழியால் அதைக் காக்க முடியாது. முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதன் பிறகுதான் இரை.

இனி கால்.

1886 இல் ஒல்லாந்து அரசு ஒரு மருத்துவக் குழுவை யாவாவுக்கு அனுப்பியது. பெரிபெரி என்ற நோய் படைவீரர்களையும் கைதிகளையும் தின்றுகொண்டிருந்த காலம். கால் விறைத்து, நடை தளர்ந்து, இதயம் வீங்கிச் சாவார்கள். (இலங்கையிலிருந்த ஆங்கிலப் படையினரையும் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே நோய் வருத்தியதைப் படை வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.) குழு திரும்பிப் போன பின்னரும் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற இளம் வைத்தியர் இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவில் தங்கி, நோய்க்கிருமியைத் தேடினார். நோயாளிகளிடமிருந்து எடுத்ததைக் கோழிகளுக்கு ஊசியால் ஏற்றினார். ஒப்பிட்டுப் பார்க்கச் சில கோழிகளை ஏற்றாமல் விட்டார். ஏற்றியவையும் தள்ளாடின, ஏற்றாதவையும் தள்ளாடின. விஞ்ஞானிக்கு இதைவிட எரிச்சலான முடிவு கிடையாது. இந்தக் குழப்பத்துக்குள் கோழிகள் எல்லாம் தாமாகவே எழுந்து நடக்கவும் தொடங்கிவிட்டன.

விசாரித்ததில் விடயம் சமையலறையில் இருந்தது. செலவைக் குறைக்க, ஆய்வுகூடப் பணியாளர் பக்கத்து இராணுவ ஆஸ்பத்திரியின் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார். தவிடு நீங்கத் தீட்டிய வெள்ளையரிசிச் சோறு. பின்பு புதிய சமையற்காரர் வந்தார். இராணுவச் சோறு சிவில் கோழிக்கு இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார். 1889 யூன் 17 முதல் நவம்பர் 27 வரை வெள்ளைச் சோறு. யூலை 10 இல் நோய் தொடங்கி, நவம்பர் கடைசியில் மறைந்தது. மருத்துவ வரலாற்றில் அந்தச் சமையற்காரருக்கு ஒரு சிலை வைக்கலாம் என்பது என் கட்சி.

யூன் 17 இலிருந்து யூலை 10 வரை எண்ணினால் 23 நாட்கள். தவிட்டில் இருந்து சோற்றில் இல்லாமல் போன பொருளின் இன்றைய பெயர் தயமின், அதாவது விற்றமின் பி1. உடம்பு இதைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. வளர்ந்த மனிதரின் உடம்பு முழுவதிலும் ஏறக்குறைய 30 மில்லிகிராம்தான் இருக்கும். அது இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துபோகும். கோழியின் கணக்கும் அதிலிருந்து வெகுதூரம் போகவில்லை.

தயமின் என்ன செய்கிறது? சோறு செரித்து குளுக்கோசாகிறது. குளுக்கோசை உடைத்து முழுச் சக்தியை எடுக்கும் நொதியங்களில் (உடம்பின் இரசாயன வேலைகளை விரைவுபடுத்தும் புரதங்கள்) முக்கியமான சில, தயமின் கூட இல்லாமல் வேலை செய்யா. நரம்பு பெரும்பாலும் குளுக்கோசையே நம்பியிருப்பது. ஆகவே முதலில் அடிபடுவதும் அதுதான். அதிலும் நீளமான நரம்பு முதலில் சோரும். முதலில் கால்விரல்களை மடக்கும் தசைகள், பிறகு கால், பிறகு சிறகு, கடைசியில் கழுத்து என்று கீழிருந்து மேலாக வாதம் ஏறும். முற்றிய கோழி கணுக்காலில் குந்தி, தலையைப் பின்னால் வளைத்து வானத்தைப் பார்த்தபடி இருக்கும். இன்னொரு வஞ்சனையும் உண்டு: தயமின் குறைந்தால் முதலில் பசி போய்விடும். மெலிவும் முடக்கமும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கலாம்.

எய்க்மானின் முடிவை மனிதரிடம் சோதித்தவர் அடொல்ஃப் வோர்டர்மான். யாவாவின் 101 சிறைகளில் என்ன அரிசி சமைக்கிறார்கள் என்று பார்த்தார். தவிடு நீக்காத அரிசி தின்ற 37 சிறைகளில் ஒன்றில்தான் பெரிபெரி. தீட்டிய அரிசி தின்ற 51 சிறைகளில் 36 இல். எய்க்மான் இதை மாச்சத்தில் உள்ள நஞ்சு என்றே நினைத்தார். தவிட்டில் அதன் முறிவு இருக்கிறதாம். இல்லை, உணவில் ஏதோ ஒன்று குறைகிறது என்று 1901 இல் திருத்தியவர் அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ். ஆனாலும் 1929 இல் நோபல் பரிசில் பங்கு எய்க்மானுக்குத்தான் போனது.

அந்த ஏதோ ஒன்றைக் கண்ணால் பார்க்க 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே பத்தாவியாவில் யான்சன், டொனத் இருவரும் சுமார் 300 கிலோ தவிட்டைக் காய்ச்சி வடித்துப் பெற்ற பளிங்கு 100 மில்லிகிராம். ஐந்து அரிசியின் எடை. பத்து ஆண்டுகள் கழித்து அதைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டிய ரொபேட் வில்லியம்ஸ் பிறந்தது நெல்லூரில். அதற்கு வடக்கே பச்சையரிசி உண்ட ஆந்திரக் கரையோரத்தில் பெரிபெரி நிலைத்திருந்தபோது, தெற்கே புழுங்கல் உண்டவர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுத் தயமின் நீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போகாது. தயமின் நீரில் கரைவது என்பதால், வெள்ளையரிசியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் மிஞ்சியிருப்பதும் கழுநீரோடு மாட்டுக்குப் போய்விடும்.

சாம்பல்தீவுக் கோழியின் மற்றத் தீன் மீன்கழிவு. மத்தி, நெத்தலி இனத்து மீன்கள் சிலவற்றின் பச்சை உடலில் தயமினேசு என்ற நொதியம் இருக்கிறது. அதன் வேலையே தயமினை இரண்டாக உடைப்பது. 1932 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பச்சை மீன் தின்ற பண்ணை நரிகள் கால் முடங்கிச் செத்தபோதுதான் இது வெளியே வந்தது. வெள்ளைச் சோறு தயமினைக் கொடுக்காது; பச்சை மீன் இருப்பதையும் அழிக்கும். கழிவை நன்றாக அவித்துப் போட்டால் நொதியம் செத்துவிடும்.

தயமின் குறைவுதானா என்பதற்கு மருந்தே சோதனை. ஊசியாகவோ வாய்வழியாகவோ தயமின் கொடுத்தால் கோழி சில மணி நேரத்திலேயே தெளியத் தொடங்கும். அளவை மிருக வைத்தியர் சொல்லட்டும். பசியில்லாத கோழிக்குத் தவிட்டைக் குழைத்து முன்னால் வைத்துப் பயனில்லை. தானாகக் கொத்தத் தொடங்கிய பிறகுதான் தவிடு. அதுவரை பழைய சாரத்துணியில் கால் இரண்டும் வெளியே வர ஓட்டை வெட்டித் தொட்டில் கட்டினால் நெஞ்செலும்பில் புண் வராது.

தெளியவில்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும். விடாமல் முட்டையிடும் பேடு என்றால் கல்சியத்தைச் சந்தேகிக்கலாம். ஒரு கோதில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம். பேட்டின் எலும்புக்கூடு முழுவதிலும் இருப்பதே சுமார் 20 கிராம். தீனில் போதாததை அது தன் எலும்பிலிருந்து கழற்றிக் கோதுக்குக் கொடுக்கிறது. அதற்குக் கடற்கரைச் சிப்பி இடித்த தூள் போதும். பல கோழிகள் ஒன்றாகக் கழுத்து முறுகி, பச்சையாகக் கழிந்து விழுந்தால் அது இராணிக்கெட் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். உடனே மற்றவற்றைப் பிரித்து வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடந்தால் மாரெக் நோயாக இருக்கலாம். 1907 இல் ஹங்கேரியின் யோசெஃப் மாரெக் எழுதி வைத்த வைரசு நோய் இது. நரம்பில் புற்றுக்கட்டி வளர்க்கும் இந்த நோய்க்குச் சிகிச்சை இல்லை. ஆனால் தடுப்பூசி உண்டு, புற்றுநோய் ஒன்றுக்கு எதிராக உலகில் பரவலாகப் போடப்பட்ட முதல் தடுப்பூசி அதுதான். குஞ்சு பொரித்த முதல் நாளே போட வேண்டியது என்பதால், பொரிப்பகத்துக் குஞ்சுக்குக் கிடைப்பது முற்றத்தில் அடைக்கோழி பொரித்த குஞ்சுக்குக் கிடைப்பது அபூர்வம்.